முதல், கரு, உரி: பருவங்களிலிருந்து கவிதை எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்கையைப் பற்றிக் கவிதை எழுத உட்காரும் பலர் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். மனதில் ஒரு சோகம் இருக்கிறது. அதற்குப் பொருத்தமாக ஒரு மழை வேண்டும், வரவழைத்துவிடுகிறார்கள். மகிழ்ச்சி என்றால் உடனே ஒரு பூ பூக்கிறது, ஒரு குயில் கூவுகிறது. அந்த மழை எங்கே பெய்தது, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, குயில் எந்த மரத்தில் இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அது எங்கும் பெய்யாத மழை. அதனால்தான் படிப்பவர் மேல் ஒரு துளியும் விழுவதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கான மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பழந்தமிழ் இலக்கண நூலான தொல்காப்பியம் அகப்பாடலுக்கு, அதாவது காதலைப் பாடும் பாட்டுக்கு, உரிய பொருளை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் அந்தப் பொழுதில் இருப்பவை கருப்பொருள்: மரம், பூ, பறவை, விலங்கு, நீர், மனிதர் செய்யும் தொழில், அடிக்கும் பறை வரை. மனதுக்குள் நடப்பது உரிப்பொருள்: கூடுவது, பிரிவது, காத்திருப்பது, ஊடுவது, இரங்குவது. பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காக அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். அதனாலேயோ என்னவோ, இதை வைத்து எழுதவும் செய்யலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சிறப்பு என்று பார்த்தால் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் மேல் என்பார்கள் உரைகாரர்கள். சரிதான், கவிதை நிற்பது உரியில்தான். ஆனால் தேடிப் போகும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் இடமும் நேரமும், அடுத்து அங்கே இருக்கும் ஒரு பொருள், கடைசியில் உணர்ச்சி. உணர்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பொருளைத் தேடினால், எல்லோரும் ஏற்கெனவே எடுத்துத் தேய்த்த பொருள்தான் கிடைக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: இடத்தைச் சுருக்குங்கள்

காடு, மலை, கடல் எதுவும் தேவையில்லை. பயணம் போனால் கவிதை வரும் என்பது பெரும்பாலும் ஏமாற்றம்தான். புது இடத்தில் எல்லாமே வியப்பாக இருக்கும். வியப்பில் கண் அகலும், கூர்மையாகாது. தவிர, ஒரு இடத்தை ஒரே ஒரு முறை பார்த்தவருக்கு அங்கே என்ன மாறியது என்று தெரியாது. பருவம் என்பதே மாற்றம்தானே.

தினமும் உங்கள் கண்ணில் படும் ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலில் தெரியும் ஒரு மரக்கிளை, மொட்டைமாடியின் ஒரு மூலை, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் புதர், மழைத் தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளம். ஒரு பாயை விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு போதும். அதில் ஏதாவது ஒரு உயிருள்ள பொருளும், கொஞ்சம் வானமும் இருந்தால் நல்லது.

சிறிய இடம் போதுமா என்று சந்தேகம் வந்தால் பாரதியின் வசன கவிதையில் காற்று பற்றிய பகுதியைப் படியுங்கள். ஓலைப் பந்தலில் கட்டியது போக மிஞ்சித் தொங்கும் கயிற்றுத் துண்டுகள் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. அவற்றுக்குக் கந்தன், வள்ளியம்மை என்று பெயரும் வைத்து, காற்றடித்தால் அவை என்ன செய்கின்றன, நின்றால் என்ன ஆகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். காற்றைப் பாட அவர் புயலைத் தேடிப் போகவில்லை.

படி 2: பொழுதைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வெயில் காலம், மழைக் காலம், குளிர் காலம் என்று மூன்றே பெயர்கள் வைத்திருப்பவர் கண்ணில் மூன்று பருவங்கள்தான் படும். பழைய கணக்கில் ஆறு உண்டு. உரையாசிரியர்கள் மாதங்களையும் கொடுத்திருக்கிறார்கள்: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். இவை பெரும்பொழுது. நாளுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு: மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு. இது சிறுபொழுது.

பனியை முன், பின் என்று இரண்டாகவும், வேனிலை இளமை, முதுமை என்று இரண்டாகவும் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். ஒரே வெயில்தான். ஆனால் தொடங்கும் வெயிலும் அலுத்துப்போன வெயிலும் ஒன்றில்லை என்று யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அதேபோல எற்பாடு, பகல் சாயத் தொடங்கி இன்னும் மாலையாகாத நேரம். கடற்கரை நிலமான நெய்தலின் இரங்கலுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தார்கள். ஒரு நாள் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்து பாருங்கள், காரணம் தானாகப் புரியும்.

ஜப்பானியர்கள் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். சீனாவிலிருந்து வந்த கணக்கின்படி ஆண்டை 72 துண்டுகளாக, ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். அது தங்கள் நாட்டுக்குச் சரியாக ஒத்துப்போகவில்லை என்பதால், ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியலாளர் 1685-இல் ஜப்பானின் தட்பவெப்பத்துக்கேற்ப அவற்றை மாற்றியமைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு வாக்கியம்தான் பெயர். 'தவளைகள் பாடத் தொடங்குகின்றன' என்று ஒன்று. 'அழுகிய புல் மின்மினியாகிறது' என்று இன்னொன்று. ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்ற மரபும் அங்கே வலுவாக இருக்கிறது. அப்படிப்பட்ட சொற்களை மட்டும் தொகுத்த அகராதிகள்கூட உண்டு. (ஜப்பானியக் கவிதையைப் பற்றி 1916-லேயே சுதேசமித்திரனில் பாரதி எழுதிவிட்டார் என்பது ஹைக்கூவை நேற்று வந்த மோகமாக நினைப்பவர்களுக்காக.)

இப்போது உங்கள் வேலை. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு ஒரு சொந்தப் பஞ்சாங்கம் தொடங்குங்கள். ஐந்து நாளுக்கு ஒரு வாக்கியம். விதி ஒன்றுதான்: போன ஐந்து நாளில் இல்லாத ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'எதிர்ச்சுவரின் நிழல் இப்போது தொட்டியைத் தொடுகிறது.' 'கிளையில் பழைய இலையும் புது இலையும் சம அளவு.' 'இரவில் ஜன்னலைச் சாத்துகிறோம்.' இப்படி எழுதினால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் உங்களிடம் எழுபதுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் சேர்ந்திருக்கும். அதில் கால்வாசியாவது கவிதைக்கு விதை.

சூரியனையும் விட்டுவிடாதீர்கள். அது நேர் கிழக்கில் உதிப்பது, பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நாட்களை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் சமநாட்களையொட்டித்தான். மற்ற நாட்களில் வடக்கே நகர்ந்தோ தெற்கே நகர்ந்தோ எழும். சமநாட்களை ஒட்டி அந்த நகர்வு வேகமாக இருக்கும், ஜூன், டிசம்பர் கடைசியில் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஒரு கம்பத்தையோ கட்டடத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். காலண்டரைப் பார்க்காமலே பருவம் தெரியத் தொடங்கும்.

படி 3: கவிதை எழுதாதீர்கள், குறிப்பு எழுதுங்கள்

இந்தப் படியில்தான் பலருக்குப் பொறுமை போய்விடும். ஒரு மாதத்துக்காவது கவிதை வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், என்ன இருந்தது, அது என்ன செய்தது. உவமை வந்தால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் தேடிப் போகாதீர்கள்.

போனில் படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. படம் எடுத்தவுடன் 'பார்த்தாயிற்று' என்று மனம் கடையைச் சாத்திவிடுகிறது. முதலில் எழுதுங்கள், அப்புறம் வேண்டுமானால் எடுங்கள்.

குறிப்பின் வலிமைக்கு நல்ல சாட்சி ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்கள். 1802 ஏப்ரல் 15 அன்று அவரும் தங்கை டாரத்தியும் ஒரு ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தார்கள். டாரத்தி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார்: சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக்கிச் சாய்ந்திருந்ததையும், மற்றவை காற்றில் ஆடிக் குதித்ததையும். அண்ணனின் கவிதை அச்சில் வந்தது 1807-இல். அந்தக் கவிதையில் அவர் தனியாக அலைந்துகொண்டிருக்கிறார், தங்கை காணாமல் போய்விட்டார். என்னைக் கேட்டால் கல்லில் தலைசாய்த்த பூ அண்ணனின் கவிதையில் இருப்பதையெல்லாம்விட நல்ல வரி. அதை எழுதியவர் அதைக் கவிதை என்று நினைத்து எழுதவில்லை.

கண் எப்போதும் முந்திக்கொள்ளும். எனவே வாரத்தில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு காதுக்கும் மூக்குக்கும் வேலை கொடுங்கள். சுவர்க்கோழியின் சத்தத்தை எல்லோரும் கேட்டிருப்போம். ஆனால் அது வெப்பமான இரவில் வேகமாகவும் குளிர்ந்த இரவில் மெதுவாகவும் ஒலிக்கும் என்பதைக் கவனித்திருப்பவர் குறைவு. பருவம் மாறும் வாரங்களில் இந்த வேகத்தைக் குறித்து வையுங்கள்.

மண்வாசனையும் அப்படித்தான். 'மழை மண்ணை மணக்கச் செய்தது' என்று எழுதி எழுதி அந்த வாசனை காகிதத்தில் செத்துவிட்டது. உண்மையில் என்ன நடக்கிறது? ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-இல் இதைப் பற்றி எழுதினார்கள். வறண்ட நாட்களில் செடிகளிலிருந்து வரும் எண்ணெய்ப் பொருட்கள் மண்ணிலும் பாறையிலும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஈரம் பட்டவுடன் அவை காற்றுக்கு வருகின்றன. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. அதாவது முதல் மழையில் நாம் முகர்வதில் ஒரு பங்கு போன கோடையுடையது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மண்வாசனை பற்றி வேறு மாதிரி ஒரு வரி உங்களுக்கு வராமல் போகாது.

படி 4: பெயரும் நடத்தையும்

'ஒரு பறவை', 'ஏதோ ஒரு பூ' என்று எழுதுவதை நிறுத்துங்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழியர் பறித்துக் குவிக்கும் பூக்கள் 99. அத்தனையும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் தேர்ந்த இடத்தில் வரும் பத்துப் பெயர்கள் தெரிந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். புத்தகப் பெயரைவிட அவர்கள் சொல்லும் பெயரில் உயிர் இருக்கும்.

பெயர் தெரிந்ததோடு முடிந்துவிடாது. அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு, அதுவும் கபிலருடையது. தலைவன் வாக்குக் கொடுத்தபோது வேறு யாரும் இல்லை, ஒரு குருகு, அதாவது நீர்க்கரையில் மீன் பிடிக்கும் பறவை, மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. வெறும் குருகு இல்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய பசிய கால்கள் அதற்கு. அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி விவரத்தில்தான் பாட்டின் முழு வலியும் இருக்கிறது. இருந்த ஒரே சாட்சியின் கண்ணும் மீன் மேல். குருகு மீனுக்காக நிற்கும் என்பதைக் கவனிக்காத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது.

படி 5: பருவத்தைச் சொல்லாமல் அதன் விளைவைக் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடி. அதன் முற்பகுதி முழுக்க மழையும் வாடையும்தான். ஆனால் குளிரைப் பற்றி அவர் பேசும் விதத்தைப் பாருங்கள். ஆடு மாடு மேய்ப்பவர்கள் கையில் கொள்ளியை வைத்துக் காய்ந்துகொண்டும் கன்னம் நடுங்குகிறார்கள். பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. வேனிலில் வீசிக்கொண்டிருந்த விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டிருக்கின்றன, அவற்றில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. சிவந்த காலுடைய ஆண்புறா இரவா பகலா என்று தெரியாமல், இரை தேடவும் போகாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கிறது. வீட்டுப் பெண்களுக்கும் பொழுது தெரியவில்லை. பிச்சி மொட்டு விரிந்து மணம் வந்தவுடன், சரி, மாலையாகிவிட்டது என்று விளக்கேற்றுகிறார்கள்.

மேகம் எவ்வளவு கறுப்பாக இருந்தது என்று ஒரு உவமை சொல்லியிருக்கலாம். ஆனால் பூவின் மணத்தை வைத்துப் பொழுதறியும் அளவுக்கு வெளிச்சம் இல்லை என்று காட்டிவிட்ட பிறகு உவமைக்கு என்ன வேலை? அந்தச் சிலந்தி வலையையும் யோசியுங்கள். வலை பின்ன நாள் பிடிக்கும். விசிறியை யாரும் தொட்டு நாளாகிவிட்டது என்று அது சொல்கிறது. ஒரு பருவம் முடிந்து இன்னொன்று வந்து நிலைத்துவிட்டதை ஒரு பூச்சியின் வேலையில் காட்டிவிடுகிறார்.

இதையே பயிற்சியாக்கலாம். உங்கள் இடத்தில் இப்போது என்ன பருவமோ, அதன் பெயரையும், அதற்கு வழக்கமாக வரும் சொற்களையும் ஒரு தாளில் எழுதி அடித்துவிடுங்கள். கோடை என்றால் வெயில், சூடு, வியர்வை, தாகம், கானல் எல்லாம் போய்விட வேண்டும். இப்போது அந்தப் பருவத்தை ஏழெட்டு வரியில் எழுதுங்கள். நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது? கதவின் பூட்டைத் தொடும் கை என்ன செய்கிறது? மதியத்தில் தெருவின் எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை? மரக்கதவு இந்த மாதம் சரியாகச் சாத்துகிறதா, இறுக்கமாகப் பிடிக்கிறதா? (ஈரக் காற்றில் மரம் உப்பும்.) துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது?

முதல் நான்கு வரி மோசமாகத்தான் வரும். கைவசம் இருந்த சொற்கள் போய்விட்டதால் மனம் தவிக்கும். ஐந்தாவது வரியிலிருந்து கண் வேலை செய்யத் தொடங்கும்.

படி 6: உரி தானாக வரும் இடம்

இவ்வளவு நேரம் உணர்ச்சியைத் தள்ளி வைத்தோம். இப்போது அதற்கு இடம் கொடுக்கலாம். எப்படி என்று ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம்.

குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'மழை நின்று ஒரு மணி நேரம். விளக்கைச் சுற்றி ஈசல். சுவரோரம் இறகு உதிர்த்தவை ஒன்றின் பின் ஒன்றாக நடக்கின்றன. மறுநாள் காலை வாசல் முழுக்க இறகு. கூட்டினால் குப்பையோடு சேர வரவில்லை, துடைப்பம் பட்டதும் எழும்பிப் பறக்கின்றன.'

அவசரப்பட்டால் முதல் வரைவு இப்படி வரும்:

ஈசலே, ஒருநாள் உயிரே,
மனித வாழ்வும் உன்னைப் போலத்தானோ!
நிலையாமையை உணர்த்த வந்தாயோ!

இதில் இரண்டு கோளாறு. ஒன்று, இதை எழுத ஈசலைப் பார்த்திருக்கவே வேண்டாம். இரண்டு, தகவலும் முழுக்கச் சரியில்லை. ஈசல்களில் பெரும்பாலானவை மற்ற உயிர்களுக்கு இரையாகிவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் இறகு உதிர்ப்பது சாவதற்காக இல்லை. துணை தேடிக்கொண்டு மண்ணுக்குள் போய்ப் புதுக் கூடு தொடங்கத்தான். பிழைக்கும் ஜோடி பல ஆண்டுகள் வாழக்கூடியது. பழகிப்போன தத்துவம் பெரும்பாலும் இப்படித்தான், பொருளைப் பாதி பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்.

குறிப்பில் புதிதாக இருப்பது எது? துடைப்பம் பட்டதும் பறக்கும் இறகு. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் மழைக்கு மறுநாள்
வாசலெல்லாம் ஈசல் இறகு.
துடைப்பம் பட்டதும் எழும்பிப் பறக்கின்றன
பூச்சி போன பிறகும்.

இதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை, ஒரு நல்ல காட்சி. ஆனால் 'போன பிறகும்' என்ற இடத்தில் ஏதோ ஒன்று இழுக்கிறது. யாரோ போயிருக்கிறார்கள். அங்கேதான் உரி உள்ளே வருகிறது. அதைப் பெயர் சொல்லி அழைக்காமல் பக்கத்தில் ஒரு செயலை மட்டும் வைக்கலாம்:

முதல் மழைக்கு மறுநாள்
வாசலெல்லாம் ஈசல் இறகு.
துடைப்பம் பட்டதும் எழும்பிப் பறக்கின்றன
பூச்சி போன பிறகும்.

உன் அறையை
இன்னும் நான் கூட்டவில்லை.

போனவர் யார், எங்கே போனார், திரும்புவாரா என்று கவிதை சொல்லவில்லை. பிரிவு என்ற சொல்லும் இல்லை. இறகுக்கும் அறைக்கும் நடுவே 'அதுபோல' என்று ஒரு பாலம் போட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். சங்கப் பாடல்களில் உள்ளுறை என்று சொல்வதும் இந்த வேலைதான். கருப்பொருளுக்குள் உரியை வைத்து மூடிவிடுவார்கள், திறப்பது படிப்பவர் பொறுப்பு.

உங்கள் குறிப்புகளைத் திரும்பப் படிக்கும்போது எந்த வரியில் காரணமில்லாமல் மனம் நிற்கிறதோ அதைக் கோடிட்டு வையுங்கள். ஏன் நின்றது என்று உடனே ஆராயாதீர்கள். அந்த வரிக்குக் கீழே, அந்த வாரத்தில் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சின்னச் செயலை எழுதுங்கள். தொலைபேசியை எடுக்காமல் விட்டது, ஒரு கடிதத்தைக் கிழித்தது, செருப்பை மாற்றிப் போட்டது. பத்தில் ஒன்பது முறை இரண்டும் ஒட்டாது. ஒட்டும் ஒரு முறைக்காகத்தான் இந்தப் பாடு.

படி 7: திருத்தம்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயரடைகளை அடியுங்கள். 'அழகிய', 'இனிய', 'மெல்லிய' எல்லாம் பார்க்காதவர் போடும் சொற்கள். நிலா, வானவில், ரோஜா மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். இயற்கையை 'அன்னை' என்று கூப்பிடுவதை நிரந்தரமாகவே ஒதுக்கிவிடலாம்.

நிலாவைப் பாடியே ஆக வேண்டும் என்றால் குறைந்தபட்சம் அதன் நேரத்தைச் சரிபாருங்கள். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தையொட்டி எழும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். மூன்றாம் பிறை மாலையில் மேற்கே தெரிந்து கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். நள்ளிரவில் உச்சியில் மூன்றாம் பிறை காயும் கவிதைகள் நிறைய இருக்கின்றன. வானம் பார்க்கிற வாசகர் ஒருவர் போதும், அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அப்புறம், வாய்விட்டுப் படியுங்கள். பருவத்துக்குச் சத்தமும் உண்டு. பாரதியின் மழைப் பாட்டில் 'தீம்தரிகிட' என்று தாளச்சொற்கள் உள்ளே வந்து கொட்டுகின்றன. அந்த மழைக்கு அது பொருந்தும். இரவெல்லாம் விடாமல் தூறும் மழைக்கு அதே வேகம் பொருந்தாது, அங்கே நெடில்கள் நிறைய வேண்டும், வரி முடிவில் மூச்சு தங்க வேண்டும். வல்லின ஒற்றுகள் அடுத்தடுத்து வந்தால் வரி விறைக்கும், மெல்லினமும் இடையினமும் வந்தால் இளகும். உங்கள் கவிதையின் வானிலை எது என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

பருவமே தவறினால்?

'இப்போதெல்லாம் பருவமே ஒழுங்காக வருவதில்லை, எதைப் பாடுவது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பருவம் தப்புவது கவிதைக்குப் புதிதில்லை. குறுந்தொகை 66, கோவர்த்தனார் பாடியது. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? இந்தக் கொன்றை மரங்கள் மடத்தனம் செய்கின்றன, காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன என்கிறாள். நிஜமாகவே அது பருவம் தப்பிய மழையா, தோழி சொல்லும் ஆறுதல் பொய்யா என்பது படிப்பவர் கையில்.

எனவே உங்கள் பஞ்சாங்கத்தில் தாமதங்களையும் எழுதுங்கள். வராத பறவை, இரண்டு முறை பூத்த மரம், டிசம்பரிலும் சுழலும் மின்விசிறி. 'வர வேண்டிய நேரத்தில் வரவில்லை' என்று ஒருவர் சொல்ல முடிவதே முந்தைய ஆண்டின் குறிப்பு கையில் இருப்பதால்தான். மாற்றம் பெரிதாகப் பெரிதாகப் பொத்தாம்பொதுவாகப் புலம்பும் கவிதைகள் பெருகும். தேதி போட்ட ஒரு கவிதை அவற்றுக்கு நடுவே தனியாகத் தெரியும்.

எதுவுமே வராத வாரங்களும் இருக்கும். பின்பனி முடிந்து வேனில் இன்னும் தொடங்காத இடைவெளி போல, பெயர் வைக்க முடியாத நாட்கள். அப்போது இடத்தை மாற்றாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். காலையில் பார்த்துவந்த மரத்தை யாமத்தில் பாருங்கள். சில மரங்கள் இரவில் இலைகளை மடக்கிக்கொள்ளும், தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

கடைசியாக, எழுதியதை எப்படிச் சேர்த்து வைப்பது என்பது. எழுதிய தேதி வரிசையில் வைக்காதீர்கள். கார், கூதிர், முன்பனி என்று ஆறு உறைகளோ, கணினியில் ஆறு கோப்புறைகளோ போட்டு, கவிதை எந்தப் பருவத்தில் நடக்கிறதோ அதில் போடுங்கள். முடியாத வரைவுகளையும் சேர்த்துத்தான். அந்தப் பருவம் திரும்ப வரும் வரை அந்த உறையைத் திறக்க வேண்டாம். கோடையில் உட்கார்ந்து குளிர்காலக் கவிதையைத் திருத்தினால் பழைய கவிதைகளில் படித்த குளிர்தான் உள்ளே வரும். அதே காற்று மறுபடி அடிக்கும்போது உறையைப் பிரித்து, வரைவை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய், ஒவ்வொரு வரியையும் எதிரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொய்யான வரிகளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.